மூன்றாவது விசில்

அண்ணன் பேருந்தை நடுவழியில் விட்டுவிட்டு இறங்கிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மழை இல்லை, நெரிசல் இல்லை, வண்டியில் கோளாறும் இல்லை. மேம்பாலத்திலிருந்து இறங்கி மரக்கடைத் தெருவில் திரும்பியதும் வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்தான். சாவியை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தான். கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தான்.

நான் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பல வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிக் கிடைத்த வேலையைப் பார்த்துவிட்டு, அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தேன். அண்ணன் ஓட்டும் வண்டியில் கடைசி நிறுத்தம் வரை சும்மா போய்வர வேண்டும் என்று ஏறியிருந்தேன்.

"டிரைவர் எங்கம்மா போறாரு?" என்றார் மடியில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு பெண்மணி.

"அவசரம்னா போகத்தானே வேணும். அவரும் மனுஷன்தானே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நம்ம எல்லாரையும் தூங்க வைக்கிற மனுஷன். தனக்கு ஒரு கட்டில் விலை கேக்க மரக்கடைக்குப் போயிருப்பாரு," என்றார் இன்னொருவர்.

வண்டியில் சிரிப்பு எழுந்தது. கண்டக்டர் அன்றைக்கு மட்டும் வேறு தடத்திலிருந்து மாற்றாக வந்தவர். எதற்கு நின்றது என்று புரியாமல், புறப்படச் சொல்லி இரண்டு முறை விசில் அடித்தார். ஓட்ட ஆள் இல்லாத வண்டிக்கு விசில் அடித்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

நான் இறங்கி ஓடினேன். மேம்பாலம் தரையைத் தொடும் இடத்தில், நின்றிருந்த ஒரு லாரிக்குப் பக்கத்தில் அண்ணன் மண்டியிட்டு அதன் அடியில் பார்த்துக்கொண்டிருந்தான். சீருடை முழங்காலில் கரி.

"அண்ணா, என்ன தேடறே?"

"இடிச்சுட்டேன்."

"யாரை?"

"தெரியலை. பின் சக்கரம் எது மேலயோ ஏறி இறங்குச்சு."

பாலம் முடியும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை உண்டு. அதைக் காட்டினேன். ஒரு கார் கடந்தது, தடக் என்றது. ஒரு வேன் கடந்தது, தடக் என்றது. "எல்லா வண்டியையும் தூக்கித்தான் போடுது. நீயே கேளு," என்றேன்.

"அது வேற சத்தம்," என்றான்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போன முகம் அது. இப்போது பிணத்தைப் பார்த்துவிட்டவனின் முகமாக இருந்தது. என்னை அறியாமல் நானும் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை. அப்படியும் அவன் எழுந்திருக்கவில்லை.

*

அண்ணன் எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவன். டெப்போவில் பேருந்து கழுவும் வேலைக்குப் போய், கழுவிய வண்டியை ஓரமாக நகர்த்தி நிறுத்திப் பழகி, பிறகு உரிமம் எடுத்து டிரைவர் ஆனவன். அவன் பிரேக் போடுவது தெரியாது, கியர் மாற்றுவது கேட்காது. கைக்குழந்தைக்காரர்கள் முந்தைய வண்டியை விட்டுவிட்டு அவன் வண்டிக்குக் காத்திருப்பார்கள். ஏறிய குழந்தை இரண்டாவது நிறுத்தத்தில் தூங்கிவிடும், தூக்கி வந்தவர் மூன்றாவதில். அதனால் டெப்போவில் அவனுக்குத் தொட்டில் என்று பேர். ஒரு குமாஸ்தா, இந்த டிரைவரால் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவதாகப் புகாரே கொடுத்திருக்கிறார். மேனேஜர் கூப்பிட்டு, "கொஞ்சம் குலுக்கித்தான் ஓட்டேன்பா," என்றாராம்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பஸ் ஓட்டுகிறேன் என்று மட்டும் அவன் சொன்னதில்லை. "பஸ் ஓட்டறேன். இதுவரைக்கும் ஒரு உயிர் மேலயும் வண்டி பட்டதில்லை," என்பான். இரண்டும் சேர்ந்ததுதான் அவன். இரண்டாவது பாதி போய்விட்டால் முதல் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் வெளியூரில் இருந்தபோது அதே டெப்போவின் இன்னொரு டிரைவர் ஒரு சைக்கிள்காரர் மீது பின் சக்கரத்தை ஏற்றிவிட்டார். ஏற்றியது அவருக்கே தெரியாது. ஸ்டாண்டுக்கு வந்து நண்பர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் போலீஸ் வந்தது. டெப்போவே ஒரு வாரம் அதைப் பேசி, பிறகு மறந்தது. அண்ணன் மறக்கவில்லை. "தெரியாம எப்படிம்மா இருக்க முடியும்?" என்று அப்போது என்னிடம் தொலைபேசியில் கேட்டான். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன்.

மற்றதை எனக்குச் சொன்னவர் அவனுடைய வழக்கமான கண்டக்டர். பத்து வருடமாக ஒரே வண்டியில் இருப்பவர். செவ்வாய்க்கிழமை பல் பிடுங்கப் போனதால் விடுப்பு. மறுநாள் டெப்போ கேன்டீனில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல சும்மாதான் கேட்டான் தங்கச்சி. 'பின்னாடி ஒண்ணுமில்லையே'ன்னு. ஒண்ணுமில்லைடா, போடான்னேன். அப்புறம் ஒவ்வொரு ஸ்டாப்லயும் கேக்க ஆரம்பிச்சான். ஜனங்க உக்காந்திருக்கும்போது 'யாரும் சாகலை, போ'ன்னு கத்த முடியுமா?"

"முடியாது."

"அதான் ஒரு விசிலைக் கண்டுபிடிச்சேன். ஒண்ணு அடிச்சா நில்லு. ரெண்டு அடிச்சா போ. அது ஊருக்கே தெரியும். மூணாவதா, நீளமா ஒரு இழுவை. 'எட்டிப் பாத்துட்டேன், கீழ யாரும் இல்லை'ன்னு அர்த்தம். அது எனக்கும் அவனுக்கும் மட்டும்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பிறகு அது இறங்கியது.

"கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு இழுவை பத்தலை. பள்ளத்துக்கு ஒண்ணு, மேட்டுக்கு ஒண்ணு, நாய் குறுக்க வந்தா ஒண்ணு. எனக்கு மூச்சு வாங்குது. ஜனங்க என்னடான்னா, நான் ஏதோ கச்சேரி பண்றேன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் காசு கொடுக்க வந்தாரு."

"டெப்போல யாருக்கும் சொல்லலையா அண்ணே?"

"சொன்னா வண்டியைப் பிடுங்கிடுவாங்களே. அவன்கிட்ட வண்டியைப் பிடுங்கினா என்ன மிஞ்சும்?" கன்னத்தை மறுபடி அழுத்திக்கொண்டார். "நேத்து வந்தவனுக்கு அந்த விசில் தெரியாதில்ல. பாழாப்போன பல்லு."

*

வீட்டில் அண்ணி இன்னொரு வேலை செய்துவந்திருக்கிறார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவர். கடை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணன் ஓட்டிய தடத்தில் போவார். அவன் சொல்லும் இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புவார். "நிக்கறேன் பாருங்க. ரத்தம் இல்லை. உடைஞ்ச கண்ணாடி இல்லை. கூட்டம் இல்லை." அதைப் பார்த்தபின்தான் அண்ணன் சாப்பிடுவான்.

அந்தப் படங்களை அண்ணி எனக்குக் காட்டினார். ஆளே இல்லாத சாலைகள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. நடைபாதை ஓரம், வேகத்தடை, பாலத்தின் கைப்பிடிச்சுவர், மறுபடி வேகத்தடை. ஒரு படத்தில் ஓரமாகக் கறுப்பாக ஏதோ தெரிந்தது. நான் அதைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

"எண்ணெய்," என்றார் அண்ணி. "நானும் அப்படித்தான் பெருசு பண்ணிப் பாத்தேன்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே அண்ணி."

"என்ன டாக்டர்கிட்ட? எந்த டாக்டர்னு சொல்லு. அந்த வாசல்ல யாராவது பாத்துட்டாப் போதும், மறுநாளே பேர் வச்சிடுவாங்க. அந்தப் பேர் கல்லுல வெட்டின எழுத்து. அழிக்க முடியாது."

எங்கள் அப்பா வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி போவார், மறுபடி வருவார். அதனால் ரயிலைத் தவறவிட்டிருக்கிறோம். 'பூட்டுக்கே அலுத்துப்போச்சு' என்று அம்மா சொல்வார். அது எங்கள் வீட்டின் பழைய நகைச்சுவை. அண்ணியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது எந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது, இன்னும் யாரிடம் இருக்கிறது என்று தோன்றியது. எந்த ஊரிலும் தங்க முடியாமல் நான் கிளம்பிக்கொண்டே இருப்பதும் இதன் வேறொரு முகமோ என்று ஒரு கணம் நினைத்து, அந்த நினைப்பை மூடினேன்.

*

டெப்போ அவனை விடுப்பில் அனுப்பியது. உடல்நலச் சான்று கொண்டுவந்தால்தான் வண்டி. அண்ணனுக்கு அது பெரிதாகப் படவில்லை. "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்," என்றான். "நடந்ததைச் சொல்லிடறேன். அவங்க தேடட்டும்."

தடுத்துப் பார்த்தோம். கடைசியில் நான் கூடப் போனேன். எழுதிக்கொள்ள உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அடிபட்டது ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலை சார்."

"பாடி எங்க?"

"தெரியலை சார்."

"யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?"

"இல்லை சார். நான்தான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா, நான் திருடனைப் பிடிச்சு உதைச்சாலும் 'நான் செய்யலை'ங்கறான். நீ செய்யாததுக்கு உன்னைப் பிடிக்கச் சொல்றே. உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா ஸ்டேஷனை மூடிட்டு வீட்டுக்குப் போயிடலாம். தங்கச்சி, இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிட்டுப் போ."

வெளியே வந்ததும், "பாத்தியா, ஒண்ணுமில்லை," என்றேன். அண்ணன் படியிலேயே நின்றான்.

"அவங்க தேடவே இல்லையே," என்றான்.

அதற்குப் பிறகு பயம் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தது. சைக்கிள் எடுப்பதை நிறுத்தினான். படிக்கட்டில் யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவர்கள் கடந்து போனபின் கீழே எட்டிப் பார்த்தான். தள்ளிவிட்டிருப்பேனோ என்று அண்ணியிடம் கேட்டான். இல்லைங்க, இல்லைங்க, இல்லவே இல்லைங்க என்று அவர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. கேள்வி நிற்கவில்லை. நான் சொன்னால் அண்ணியிடம் சரிபார்த்தான், அண்ணி சொன்னால் கண்டக்டரிடம். கண்டக்டர் போனிலேயே நீளமாக விசில் அடித்துக் காட்டினார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டு, "இன்னொரு தடவை," என்றான்.

ஒரு மத்தியானம் அவன் சன்னலோரம் நின்றுகொண்டு, மிகச் சாதாரணமான குரலில், "நான் இல்லைன்னா யாருக்கும் எதுவும் ஆகாது இல்ல?" என்றான்.

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். சன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். "செருப்பைப் போடுங்க," என்றார். "எந்த வாசலா இருந்தாலும் இன்னைக்குப் போறோம். யாரு பாத்தாலும் பாக்கட்டும்."

*

டாக்டர் எங்கள் அம்மா வயதிருக்கும் பெண். மேசையில் பேப்பர் எதுவும் இல்லை. அண்ணன் சொன்னதை முழுக்கக் கேட்டார். சன்னலோரம் சொன்னதையும் கேட்டார். அதைப்பற்றி அவனிடம் தனியாக நிறைய நேரம் பேசினார். பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டார்.

"இவருக்குப் புத்தி கெடலை. பயம் கெட்டுப்போயிருக்கு. அது ஒரு நோய், அதுக்குப் பேர் இருக்கு, மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. யாரையாவது இடிக்கணும்னு நினைக்கிறவருக்கு இது வராது. இடிச்சிடக் கூடாதுன்னு உயிரை விடறவருக்குத்தான் வருது."

அண்ணி அழுதார். டாக்டர் அவர் அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு, "இப்ப நான் சொல்றது உங்களுக்குப் பிடிக்காது," என்றார்.

விசிலைப் பற்றியும் படங்களைப் பற்றியும் அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தான்.

"தாகத்துக்கு உப்புத் தண்ணி கொடுத்துட்டு இருந்திருக்கீங்க. பாசத்தோடதான் கொடுத்தீங்க. ஆனா குடிக்கக் குடிக்கத் தாகம் கூடும். இனிமே அவர் கேட்டா பதில் சொல்லக் கூடாது. 'யாரும் அடிபடலை'ன்னு சொல்லக் கூடாது. விசில் கூடாது. போய்ப் பாக்கக் கூடாது. எங்க போனே, என்ன ஆச்சுன்னு நீங்களா துருவியும் கேக்கக் கூடாது. சாகறதைப் பத்திப் பேசினா மட்டும் உடனே எனக்குச் சொல்லணும். மத்ததுக்கெல்லாம் ஒரே பதில், 'தெரியலை'."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. இத்தனை நாள் சொன்னதுதான் பொய். உங்களுக்கு எப்படித் தெரியும்?"



மாத்திரைகள் தொடங்கின. மாதங்கள் சென்றன. கேள்விகள் குறைந்து, டாக்டர் சரி என்று சொன்னபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டக்டரின் மைத்துனனுடைய சின்ன வேனைக் கொண்டுவந்தோம். அண்ணன் ஓட்ட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் பயிற்சி. பக்கத்தில் நான். அண்ணி வீட்டிலேயே இருந்துகொண்டார். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

கடைகள் மூடியிருந்த தெரு. அண்ணன் வண்டியை எடுத்தபோது பழைய மென்மை இருந்தது. முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். பள்ளிக்கூடச் சுவர் ஓரம் போனபோது பின்னால் ஏதோ தட்டியது.

எனக்கும் கேட்டது. மெத்தென்ற, கனமான சத்தம்.

"என்ன அது?" என்றான்.

"தெரியலை."

"கண்ணாடியில பாரு."

நான் பார்க்கவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"குழந்தையா இருந்தா?"

"தெரியலைண்ணா."

"உனக்கு இரக்கமே இல்லையா? ஊர் ஊராச் சுத்திட்டு வந்து, ரோட்டுல ஒரு உயிர் கெடந்தா எட்டிப் பாக்காத அளவுக்கு உனக்குக் கல்லு மனசா?" அவன் குரல் உடைந்தது. கால் பிரேக்கைத் தொட்டது. வண்டி மெதுவானது.

இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவன் முகம் தெளிந்துவிடும். 'ஒண்ணுமில்லைண்ணா.' வாய்வரை வந்தது. அதைவிட மோசமாக, எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது: சுவரோரம் நிஜமாகவே யாராவது இருந்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை, பந்து விளையாட வந்த யாராவது? எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. அந்தத் தெரியாமையில் அண்ணன் எத்தனை வருடம் தனியாக உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்கும் பயமா இருக்கு," என்றேன். "தெரியலை. போ."

அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பற்கள் இடிபடும் சத்தம் கேட்டது. அவன் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. வண்டி நகர்ந்தது.

வீடு வந்ததும் அவன் இறங்காமல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து வெகுநேரம் இருந்தான். நானும் இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். அதற்கடுத்ததும். நாங்கள் யாரும் அந்தச் சுவரோரம் போய்ப் பார்க்கவில்லை. என்ன தட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

*

டெப்போவில் உண்மையைச் சொன்னான். மேனேஜர் அவனை ஒர்க்‌ஷாப்பில் போட்டார், டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை டயர் பிரிவில் வேலை. விஷயம் பரவ ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

"தொட்டில் இப்ப ஊஞ்சல் ஆயிடுச்சுப்பா. முன்னாடி போகும், பின்னாடி வரும்," என்றான் ஒருவன்.

"ஊஞ்சலாவது ஆடுது. உன் வண்டி ஸ்டார்ட்டே ஆகறதில்லை," என்றார் கண்டக்டர். அவருக்குப் பேச்சில் தோற்றுப் பழக்கமில்லை. ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அவரிடம், "அன்னைக்கு மேம்பாலத்துல நிஜமாவே ஒண்ணும் இல்லைதானே?" என்று மெல்லக் கேட்க, அவர் விசிலுக்குப் பையில் கைவிட்டார். அண்ணி ஒரு பார்வை பார்த்தார். அவர் கையை வெறுமனே வெளியே எடுத்து, "தெரியலைடா," என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுததை நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

இன்னொரு டிரைவர், அவனைக் கேலி செய்தவர்களில் ஒருவர்தான், ஆளில்லாத நேரம் பார்த்து டயர் பிரிவுக்கு வந்து அந்த டாக்டரின் முகவரி கேட்டாராம். யாருக்கு என்று அண்ணன் கேட்கவில்லை.

எனக்கு வேறோர் ஊரில் வேலை கிடைத்தது. நான் கிளம்பும்போது அவன் டயர்தான் கழற்றிக்கொண்டிருந்தான். மறுபடி தடத்தில் ஓட்டுவானா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "பயம் திரும்ப வந்தாலும் வாசல்லயே நிக்கும். உள்ள விடாம வாழலாம்," என்று மட்டும் சொல்லியிருந்தார். போன் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அண்ணி சன்னலை மறைத்து நின்றது நினைவுக்கு வரும். பிறகுதான் எடுப்பேன்.

நான் கிளம்பி ஒரு வருடத்துக்கும் மேலாகியிருந்தது. அண்ணி எழுதியிருந்தார்.

"டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாங்க. இந்த வாரம் உங்க அண்ணனுக்குப் பழைய ரூட்டே கொடுத்துட்டாங்க. இன்னைக்கு முதல் நாள். வர வேண்டிய நேரத்துக்கு வரலை. ரொம்ப நேரம் கழிச்சு வந்தார். சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சிருந்துச்சு. எங்க போனீங்கன்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை. உக்காந்து சாப்பிட்டோம். எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."